நீல வயரைக் காட்டு

எங்கள் வீட்டில் இணையம் மேலே இருந்தது. அதை வைத்துச் செய்யவேண்டிய வேலை கீழே இருந்தது. இரண்டையும் ஒரு வயரால் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் காரியம். அந்த ஒரு வயரை இழுப்பதற்குள் என் நெஞ்சு பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் தீவில், டெலானிபூர் ஏற்றத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம், தகரக் கூரை. உள்ளே வந்து பின்பக்கப் படியில் இறங்கினால் சரிவுக்குள் இன்னொரு அறை இருக்கும். எங்கள் கீழறைக்கு மூன்று பக்கம் கான்கிரீட், ஒரு பக்கம் மலை. மேலே எவ்வளவு மழை கொட்டினாலும், ரோட்டில் பஸ் கியர் மாற்றி உறுமினாலும் அங்கே ஒன்றும் கேட்காது. வைஃபையும் அங்கே போகாது. மருமகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு மூலையிலும் நின்று பார்த்தாள். ஒரு கோடு கூட வரவில்லை.

மருமகளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசி அவர்கள் குறையைக் கேட்டுத் தீர்த்துவைக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்க்கிற வேலை. இங்கே வந்தபிறகு வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். மோடம் இருக்கிற முன்னறையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசுவாள். நான் சமையலறையில் கரண்டியைக் கூட மெதுவாகத்தான் வைப்பேன். ஆனால் பஸ்ஸை யார் மெதுவாகப் போகச் சொல்வது? தகரத்தில் விழுகிற மழையை யார் நிறுத்துவது? இந்த ஊரில் வருஷத்தில் பாதி மழைதான்.

புதிதாக வந்த மேனேஜரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்கவேண்டும், வைஃபை கூடாது, வயரில்தான் கனெக்‌ஷன் இருக்கவேண்டும். இன்ன தேதி காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வந்து அறையைப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம். சரியில்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆபீசுக்கு வந்து வேலை பார்க்கவேண்டும்.

மகனுக்குக் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. கப்பல் கிடைக்கிறபோதுதான் வருவான். அவனால் மெயின்லேண்டுக்கு மாறிப் போகமுடியாது. மருமகள் போனால் பேத்தியையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அவன் ஒரு தீவில், அவர்கள் சென்னையில், நான் இந்த ஏற்றத்தில். அவள் என்னிடம் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் சென்னையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் நடு வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரிடமோ போனில் கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அறை ஒன்று இருந்தது. மேலே, பின்பக்கம், ரோட்டுச் சத்தம் அவ்வளவாக வராத இடம். தகரக் கூரைதான் என்றாலும் முன்னறைக்கு எவ்வளவோ தேவலை. அதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் கடைசியில் படுத்திருந்த அறை அது. அவர் படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. அந்த அறையைக் கேட்க அவளுக்குக் கூச்சம். மழை பெய்தால் வேலைக்கு ஆகாத அறையை எடுத்து நீட்ட எனக்குக் கூச்சம். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டு இதைப் பற்றிப் பேசாமலே இருந்தோம்.

கீழறைக்கு வயர் இழுப்பது என்று மகன்தான் போனில் முடிவுசெய்தான். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் மாட்டுகிற வங்காளி ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். என்னை மௌசி என்று கூப்பிடுவார், நாம் சித்தி என்கிற மாதிரி. தமிழில் அவருக்கு ‘சரி’, ‘போதும்’, ‘சாப்பாடு’ மூன்றும் தெரியும். அவர் உடனே வருகிறேன் என்றார். உடனே வரவில்லை. வயர் கப்பலில் வரவேண்டுமாம், கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளிப்போகிறதாம். மருமகள் போன் செய்யும்போதெல்லாம் “ஜஹாஜ் நஹி ஆயா மேடம்” என்ற ஒரே பதில்தான்.

கடைசியில் அவர் வந்து நின்றது அந்தப் பதினோரு மணி நாளன்றைக்கே காலையில். தோளில் நீல வயர்ச்சுருள், கையில் பை, பையில் இன்னொரு குட்டிப் பெட்டி. கீழே வைக்கவேண்டிய பெட்டி அது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

“இவ்வளவுதான் இருக்கு மேடம். சரியா எட்டும். மிச்சம் இருக்காது” என்று ஹிந்தியில் சொன்னார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அது ஒரு நிம்மதி. அவர் மோடத்திலிருந்து ஆரம்பித்தார். வயரின் முனையைச் சீவினால் உள்ளே கலர் கலராக மெல்லிய எட்டு இழைகள். அவற்றை வரிசை மாறாமல் அடுக்கி, கண்ணாடி மாதிரி ஒரு சின்ன கிளிப்புக்குள் நுழைத்து, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினார். டக். அந்த முனை மோடத்தில் போனது. வயர் முன்னறைச் சுவரோரமாக வந்து, என் அறைக்குள் புகுந்து, கட்டிலுக்கு மேலே ஜன்னல் வழியாக வெளியே போய், பின்சுவரில் இறங்கிக் கீழறைக்குப் போகவேண்டும். அவர் துளை போட்ட தூள் எல்லாம் என் கட்டிலில் விழுந்தது. நான் பெட்ஷீட்டை மடித்து எடுத்தேன்.

கீழேயும் கிளிப் போட்டாகிவிட்டது. குட்டிப் பெட்டியில் செருகியாகிவிட்டது. விளக்கு எரியவில்லை.

மருமகள் கீழே அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வங்காளி மேலே வந்து மோடத்தில் கழற்றி மாட்டினார். மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று தனக்குத்தானே முனகினார். அப்புறம் என் அறையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னலோரம் வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அந்த ஜன்னலில் இரண்டு வயர்கள் இருந்தன. ஒன்று டிஷ் டிவியின் கறுப்பு வயர், இன்னொன்று இந்த நீலம். இரண்டையும் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார். கட்டு இறுக்கமாக இருக்கிறதோ என்று அந்தப் பட்டையை வெட்டக் கட்டரைக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் மகன் வீடியோவில் வந்தான். போனை நான் பிடித்திருந்தேன். கார் நிக்கோபாரிலிருந்து வருகிற சிக்னல் எப்போதும் பாதிதான். முகம் உறைந்து நிற்கும், பேச்சு விட்டு விட்டு வரும்.

“என்னம்மா, லைட் வந்துச்சா?”

“வரலப்பா.”

“எந்த வயர மாட்டிருக்காரு? அந்த... நீல வயரு... எங்கிட்டு...”

“கேக்கலப்பா. சத்தமாச் சொல்லு.”

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். அவன் சத்தமாகவே சொன்னான். வீடெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“நீல வயர்... காட்டு! காட்டு!”

எங்கள் இராமநாதபுரத்துப் பக்கம் ‘காமி’ என்றுதான் சொல்வோம். மருமகள் ஊரில் ‘காட்டு’. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஹிந்தியில் ‘காட்டோ’ என்றால் வெட்டு. நீலத்துக்கு ஹிந்தியிலும் நீலாதான். வயருக்கு எல்லா பாஷையிலும் வயர்தான்.

ஸ்டூலில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலைக்குச் சொன்னவர் குரல், அவசரக் குரல். கையில் கட்டர் இருந்தது. அவர் கண்ணில் ஒரு சந்தேகம் வந்து போனதை நான் பார்த்தேன். எனக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றாகப் புரிந்தது.

“நஹி!” என்று கத்தினேன். நான் கத்தி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை.

திறந்திருந்த கீழ்க் கதவு வழியாக அதே நேரம் மருமகள் கத்தியதில் என் குரல் அமுங்கிப்போனது. “அத்தை! லைட் வந்துடுச்சு! இங்க ஸ்விட்சே போடல அத்தை!”

டக்.

“ஐயோ, போயிடுச்சே!” என்றாள் கீழேயிருந்து.

ஜன்னலுக்கு வெளியே நீல வயரின் ஒரு பாதி சரிந்து தொங்கியது. இன்னொரு பாதி என் கட்டிலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. போனில் மகனின் முகம் உறைந்தபடியே பேசியது.

“என்னம்மா, காட்டிட்டியா?”

“அவரே காட்டிட்டாருப்பா” என்றேன். வேறென்ன சொல்வது?

மருமகள் படியேறி ஓடி வந்தாள். வங்காளி இன்னும் ஸ்டூலிலேயே நின்றிருந்தார். “சாப் போலா காட்டோ! மேனே சுனா, நீலா வயர் காட்டோ!” என்று என் கையிலிருந்த போனைக் காட்டிக் காட்டிச் சொன்னார். சார்தானே வெட்டச் சொன்னார் என்கிறார். மருமகள் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் நின்றாள். புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கட்டிலில், அந்தத் தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒட்டிக் குடுங்க. முறுக்கி ஒட்டிக் குடுங்க” என்றாள்.

முறுக்கினால் நிற்காது என்றார் அவர். எட்டு இழையையும் முறுக்கி டேப் சுற்றினாலும் நடுநடுவே விட்டுவிடுமாம். சேர்க்கிற சாமான் கடையிலும் இல்லை, அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். அவருக்கு வேர்த்து வழிந்தது. “மேரா கல்தி, மேடம், மேரா கல்தி” என்று தன் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அது அவர் தப்பா?

“விடுங்க அத்தை” என்றாள் மருமகள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. “பதினொன்னுக்கு அவங்க வருவாங்க. முன்னறையிலயே உக்காந்து இல்லன்னு சொல்லிடறேன். அவ்வளவுதான் நமக்கு.”

தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த வயரை நான் பார்த்தேன். மோடத்திலிருந்து வருகிற பாதி. அதன் முனை என் கட்டிலை எட்டியது. வெட்டுப்பட்டது கீழே போகிற பாதிதான். இந்தப் பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் பக்கம் திரும்பினேன். சொல்லிவிட்டேன்.

“ஏத்தா, இங்கனயே உக்காரேன்.”

“எங்க?”

“இங்கதான். எங் கட்டில்ல. இந்த வயரு இம்புட்டுத் தூரம் வந்துருச்சுல்ல. இதுல அந்தக் கிளிப்ப மாட்டினா ஆகாதா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் வயரை, அப்புறம் கூரையை.

“மழை வந்தா?”

“வந்தாப் பாத்துக்குவோம்.”

“உங்க ரூம் அத்தை இது. மாமா...”

“மாமாவுக்கு இங்கிலீசு தெரியாது. குறுக்க பேசமாட்டாக.”

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. ஆனால் கூரையைப் பற்றிய கவலை எங்கள் இருவருக்கும் போகவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்று ஈரமாக இருந்தது. இன்னும் அரைமணி, முக்கால் மணியில் மழை வந்துவிடும் என்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வங்காளி கிளிப் மாட்ட உட்கார்ந்தார். அவசரத்தில் ஒரு கிளிப் வீணானது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. குட்டிப் பெட்டியைக் கீழிருந்து கொண்டுவந்து என் தையல் மெஷின் மேலே வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. மருமகள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு “வருது அத்தை” என்றாள்.

நான் அவரிடம் போனேன். ஹிந்தி எனக்குப் புரியும். பேச வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரும். தொண்டைவரை வரும், அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.

“ஊபர் போரா டாலோ” என்றேன். கையால் கூரையைக் காட்டினேன். மேலே சாக்குப் போடு.

அவர் புரியாமல் பார்த்தார். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், தேங்காய் கட்டுகிற பழைய சாக்குகளைக் காட்டினேன். கயிற்றுப் பாய் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையும் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. அதை நான் யாரையும் தொடவிட்டதில்லை. அதையும் இழுத்து வெளியே போட்டேன்.

அவருக்குப் புரிந்தது. “அரே மௌசி!” என்று ஒரு சத்தம் போட்டார். பின்சுவரைப் பிடித்து ஏறினார். நான் கீழிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என் அறைக் கூரையின் மேல் மெத்தையை விரித்து, சாக்குகளைப் பரப்பி, பாயைப் போட்டு, பறக்காமல் செங்கல் வைத்தார். தகரத்தில் அவர் கால் வைக்கும்போதெல்லாம் இடி இடித்தது. உள்ளே மருமகள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கியதும் அவள் மறுபடி கூப்பிட்டாள்.

“அத்தை, பின்னாடி மாமா படம் தெரியுது. மாலையோட.”

நான் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். படம் மடியில் இருந்தது. வங்காளி முன்னறை வாசலில் உட்கார்ந்திருந்தார், போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. கரண்ட் போகக்கூடாது என்று ஒரு பக்கம் பயம், இருமல் வரக்கூடாது என்று ஒரு பக்கம். இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

உள்ளே அவள் பேசுவது கேட்டது. இங்கிலீஷில் என்ன பேசினாளோ எனக்குத் தெரியாது. நான் வார்த்தைகளைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டேன். நின்றால் பயம், தொடர்ந்தால் நிம்மதி. ஒருதரம் நீளமாக நின்றது. வயர் விட்டுவிட்டதா, அந்தப் பக்கத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கதவுக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரியும்? வங்காளியும் தலையைத் தூக்கி அந்தப் பச்சை விளக்கு இருக்கிற பக்கம் பார்த்தார். நடுவில் கதவு. அப்புறம் குரல் தொடர்ந்தது.

அப்போது மழை வந்தது.

முன்னறைத் தகரத்தில் சடசடவென்று இறங்கியது. சமையலறைத் தகரத்தில் அதற்கு மேல். நான் பேசினால் எனக்கே கேட்காது. நான் எழுந்துபோய் என் அறைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே மழை வேறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. தொம் தொம் என்று, யாரோ தூரத்தில் மாவு இடிக்கிற மாதிரி. அதற்கு மேலே அவள் குரல் தெளிவாகக் கேட்டது. மெத்தை நனைய நனையச் சத்தம் இன்னும் அடங்கியது. அந்த மெத்தை என் வீட்டுக்காரரோடு ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தது. நல்ல பஞ்சு.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. கதவு திறந்தபோது நான் உள்ளே சாய்ந்து விழப்பார்த்தேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

“என்னத்தா சொன்னாக?”

“ரூமைச் சுத்திக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். வயரைக் காட்டச் சொன்னாங்க.” அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவள் உதடு துடித்தது. “அதையும் காட்டினேன். ஏதோ சத்தம் கேக்குதேன்னாங்க.”

“ஐயய்யோ.”

“மழைன்னேன். இங்கயும் ஒரு மழை வந்தாத் தேவலன்னாங்க அத்தை. சென்னையில அவ்வளவு வெயிலாம்.”

“அப்ப?”

“இங்கிருந்தே பாருன்னுட்டாங்க. ஆனா இதே ரூம்லதான் பாக்கணுமாம். மாத்தக்கூடாதாம்.” இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க ரூம்...”

“எனக்குக் கீழ் ரூம் இருக்குல்ல. மழச் சத்தம் இல்லாமத் தூங்கலாம்.”

வாசலில் இருந்த வங்காளிக்கு நாங்கள் பேசியது ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து, “போதும்?” என்றார். அவருடைய மூன்று தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. “போதும், போதும்” என்றாள் மருமகள். நான் “சாப்பாடு” என்றேன். “சரி” என்றார். சாப்பிடும்போது தமிழ் ‘காட்டு’க்கு என்ன அர்த்தம் என்று மருமகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மகன் சாயங்காலம் கூப்பிட்டபோது அவனிடம் நடந்ததைச் சொன்னோம். அவன் சொன்ன ஒரு வார்த்தையால்தான் வயர் போனது என்று மருமகள் சொல்ல, அந்த வார்த்தையே உன் ஊர் வார்த்தைதானே என்று அவன் சொல்ல, இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே சண்டை போட்டார்கள். சந்தோஷமான சண்டை. இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ‘காமி’தான். பேத்திக்குக்கூட அது பழகிவிட்டது.

மெத்தை வீணாய்ப்போய்விட்டது. அதைக் கூரையிலேயே விட்டு, மேலே தார்ப்பாய் கட்டச் சொல்லிவிட்டேன். படத்தைக் கீழறையில் மாட்டிக்கொண்டேன்.

கப்பல் வந்தபிறகு வங்காளி புது வயரோடு வந்தார். கீழறைக்கு இழுத்துத் தருகிறேன், என் செலவு என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் அறையை விட மனமில்லை என்பதும், கேட்கக் கூச்சப்படுகிறாள் என்பதும் தெரிந்தது. “ரஹ்னே தோ” என்றேன். இருக்கட்டும்.

ஜன்னலுக்கு வெளியே பழைய வயரின் பாதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் சுவரில் தட்டுகிறது, அதையாவது எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஸ்டூலில் ஏறினார். கட்டரை எடுத்தார். வயரில் வைத்தார். அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“காட்டோ” என்றேன்.

“மௌசி” என்றார், ரொம்ப மரியாதையாக. “ஹிந்தி வாலா காட்டோ, யா தமில் வாலா?”

“ஹிந்தி வாலா” என்றேன்.

வெட்டினார்.